துணி அறைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள்

என் மனைவியிடம் யார் என்ன வேண்டுமானாலும் பேசலாம். "நாங்க பாத்துக்கறோம்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தார்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "நாங்கன்னா யாரு?" என்று கேட்பாள். எதிரே இருப்பவர், "குடும்பத்துல எல்லாருமாச் சேர்ந்துதான்..." என்று இழுப்பார்.

"எல்லாருமாச் சேர்ந்து ஒரு டம்ளரப் புடிச்சுட்டு நிப்பீங்களா? மத்தியானம் அவருக்கு பாத்ரூம் போகணும். அந்த நேரத்துல வீட்டுல இருக்கறது யாரு? அந்த ஒரு ஆளச் சொல்லுங்க."

ஆள் யாரென்று தெரியும்வரை விடமாட்டாள். அவள் வேலை அது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து பார்த்து, "இனிமே வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வேலை முடிந்தது, அவளுக்கு ஆரம்பிக்கும். போகிற வீட்டில் கட்டில் எந்த அறையில், அங்கிருந்து கழிவறை எவ்வளவு தூரம், வாசற்படியில் சக்கர நாற்காலி ஏறுமா, மாத்திரையை எடுத்துக் கொடுப்பது யார், புண்ணுக்குக் கட்டு மாற்றத் தெரிந்தவர் யார், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யாருக்குப் போன் போடுவது. எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டு, வேண்டியதை ஏற்பாடு செய்து, வீட்டாருக்குச் சொல்லியும் கொடுத்து, அப்புறம்தான் ஆளை வெளியே விடுவாள். அவளைத் தாண்டாமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது என்பதால் அவளுக்கு அங்கே 'வாசலக்கா' என்று பெயர். டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. என் தங்கை புதுவீடு வாங்கியபோது பார்க்கப் போனோம். எல்லோரும் கூடத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். இவள் நேராகக் குளியலறைக்குள் போய், கதவை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "கதவு உள்பக்கமாத் திறக்குது. யாராவது உள்ள வழுக்கி விழுந்து கதவோரமாக் கெடந்தா, வெளியிலேந்து திறக்கவே முடியாது." தங்கையின் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நாள் பேச்சு வார்த்தையே இல்லை. அப்புறம் சத்தமில்லாமல் கதவை மாற்றிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

கல்யாணமான புதிதில் அவள் வார்டில் நர்ஸாக இருந்தாள். குணமாகிப் போனவர்களே திரும்பத் திரும்ப வந்து படுப்பதைப் பார்த்து எரிச்சலாகித்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆரம்பத்தில் ஒரு வயதான அம்மாளை வீட்டுக்கு அனுப்பினாள். பிரமாதமான ஏற்பாடு. எல்லாவற்றையும் மகள் கேட்டுத் தலையாட்டினாள். கொஞ்ச நாளில் அந்த அம்மாள் முதுகெல்லாம் படுக்கைப் புண்ணோடு திரும்பி வந்தாள். மகள் சுவரோரமாக நின்று அழுதாள். தூக்கித் திருப்பிப் படுக்கவைக்க அவளுக்குத் தெம்பே இல்லையாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் மனைவி சாப்பிடவில்லை. "முடியுமான்னு கேட்டேங்க. முடியும்னுதான் சொன்னா. ஆனா எங்க வெச்சுக் கேட்டேன்? பெத்த அம்மா பக்கத்துல படுத்திருக்காங்க, அண்ணன்காரங்க சுத்தி நிக்கறாங்க. அத்தனை பேர் முன்னாடி யாருக்கு முடியாதுன்னு வாய் வரும்? நான் கேட்டதே கேக்கற மாதிரி இல்ல."

அதற்குப் பிறகுதான் அந்த நாற்காலிகள். வார்டு நடைபாதையின் கடைசியில் படுக்கை விரிப்புகளை அடுக்கிவைக்கும் துணி அறை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், யாரும் வராத மூலையில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட்டாள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிற அந்த ஒரு ஆளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைப்பாள். "உங்களால முடியுமா? முடியாதுன்னு சொல்றதுக்கு இங்க இடம் இருக்கு" என்பாள். அப்புறம் வாயைத் திறக்கமாட்டாள். முடியும் என்று டக்கென்று பதில் வந்தால் அது கணக்கில் சேராது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்பாள். இரண்டாவது தடவை வருகிற பதில்தான் பதில்.

இதெல்லாம் சாப்பாட்டு மேசையில் நான் கேட்ட கதைகள். அரைக்காதால்தான் கேட்பேன். ஏனென்றால் எனக்கு உட்கார்ந்து கதை கேட்கப் பொறுமை கிடையாது.

நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரின் உயரமான கட்டடங்களில் பாதிக்கு என் கை பட்டிருக்கும். நாங்கள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் கிடையாது. எனக்கு அது குறையாகவே படவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடுகிற ஆள் நான். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவேன். உட்கார்ந்தாலும் சும்மா இருக்கமாட்டேன், இடது கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். கட்டில் குலுங்கும், மேசையில் டம்ளர் நடுங்கும். "அந்தக் காலக் கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்பதுதான் எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் அதிகம் பேசிய வசனமாக இருக்கும்.

லிஃப்ட் குழிக்குள் இறங்கியும் உச்சியில் தொங்கியும் வேலை பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் காலையில் வாஷ்பேசின் முன்னால் சவரம் செய்துகொண்டிருந்தபோது கையிலிருந்து ரேசர் நழுவியது. குனிந்து எடுக்கலாம் என்று பார்த்தால் வலது கை வரவில்லை. காலும் வரவில்லை. பாதி முகத்தில் நுரையோடு என்னை ஆஸ்பத்திரிக்கு, அதாவது என் மனைவியின் ஆஸ்பத்திரிக்கே, தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கவாதம் என்றார்கள். வலப்பக்கம் விழுந்தால் சிலருக்குப் பேச்சும் போய்விடுமாம். எனக்குக் கொஞ்ச நாள் குழறிவிட்டுத் திரும்பி வந்தது.

"உங்க வாய்க்காவது கொஞ்சம் ஓய்வு கெடச்சிருக்கலாம்" என்றாள் என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

படுத்துக் கிடப்பது என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இருப்புக்கொள்ளவில்லை. கூரையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றும். அதற்கு எண்ணெய் விட்டு எத்தனை காலமாயிற்று என்று எண்ணம் ஓடும். ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ஒரு முனகல் கேட்கும். பிரேக் தேய்ந்திருக்கிறது, யாராவது பார்க்கக் கூடாதா என்று பல்லைக் கடிப்பேன். மணியை அழுத்துவேன். நர்ஸ் வந்தால் என்ன கேட்பது என்று தெரியாமல் தண்ணீர் கேட்பேன். குடித்த தண்ணீருக்காகத் திரும்பவும் மணியை அழுத்த வேண்டியிருக்கும். இடது கால் மட்டும் போர்வைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது, வலது காலுக்கும் சேர்த்து.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து படுத்திருந்தார். யாராவது வீட்டுக்குப் புறப்பட்டால் கட்டிலிலிருந்தே கையைத் தட்டி, "எறங்கறவங்கல்லாம் எறங்குங்க! படியில நிக்காதீங்க!" என்று குரல் கொடுப்பார். வார்டே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. இறங்குகிறவன் நானாக இல்லையே.

உடற்பயிற்சி தரும் பெண் தினமும் என்னைப் பிடித்து நிற்கவைத்தாள். நடைகம்பிகளுக்கு நடுவே நாலு எட்டு வைத்தேன். ஆனால் பயிற்சி அறையில் ஒரு மரப்படிக்கட்டு இருந்தது. அதில் முதல் படியில் இடது காலை வைத்துவிடுவேன். வலது காலை மேலே இழுத்தால் அது மூட்டை மாதிரி கீழேயே கிடக்கும். வியர்த்துப் போய் உட்காருவேன். மூன்று மாடி.

"நம்ம எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்று என் மனைவியைக் கேட்டேன்.

"பாக்கலாம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாக்கலாம் என்று எந்த டாக்டராவது நோயாளியிடம் சொன்னால் அவரைப் பிடித்து உலுக்குகிற பெண் அவள். "எந்தக் கிழமை பாக்கலாம்?" என்று கேட்டு வாங்கிவிட்டுத்தான் நகருவாள். இப்போது என்னிடம் பிடிகொடுக்காமல் தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

டாக்டர் என்னைப் போகலாம் என்று சொன்ன பிறகும் அதே கதைதான். மகள் வெளியூரிலிருந்து போன் செய்தாள். கைக்குழந்தைக்காரி, நினைத்த நேரத்தில் கிளம்பி வர முடியாது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள் என் மனைவி.

"அப்பா, நீங்க கவலையே படாதீங்க. வீட்டுக்கு வந்துருங்க. நாங்க பாத்துக்கறோம்."

என் மனைவியின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. "நாங்கன்னா யாருடி?"

"உன்னத்தாம்மா சொன்னேன்" என்றாள் மகள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் மனைவியும் சிரித்தாள். ஆனால் போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரத்தில் கண்டக்டர் போகிற முறை வந்தது. அவர் மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். மருமகள் ஒல்லியான பெண். தையல் கம்பெனியில் வேலை. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். மகன் "நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியில் அந்த ஒரு ஆள் மருமகள்தான் என்று ஆயிற்று. என் கட்டில் கதவோரம் என்பதால் நடைபாதையின் கடைசிவரை எனக்குத் தெரியும். என் மனைவி அந்தப் பெண்ணை நாற்காலிக்குக் கூட்டிப் போனாள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் உடனே ஏதோ சொன்னாள். என் மனைவி அசையவில்லை. வெகுநேரம் கழித்து அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கண்டக்டர் வீட்டுக்குப் போகவில்லை. ஊர் எல்லையில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போவதாக ஏற்பாடாயிற்று. தரைத்தளத்தில் அறைகள், தூக்கிவிட ஆட்கள், தினமும் பயிற்சி. தானாக எழுந்து கழிவறைக்குப் போய்வர முடிகிறவரை அங்கே, அப்புறம் மகன் வீடு. அவர் ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினார். போகும்போது யாருக்கும் குரல் கொடுக்கவில்லை. அவரே இறங்கிப் போகிறபோது வார்டு சத்தமில்லாமல் இருந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒரு மனுஷன வீட்டுக்குப் போகவிடாமப் பண்ணிட்டியே!"

"அந்தப் பொண்ணு முடியாதுன்னு சொல்லிச்சுங்க."

"சொன்னா? நாலு நாளு பழகினா முடியும்."

"இங்க சொன்னா நான் வேற வழி பாக்க முடியும். அங்க போயிட்டு, அவரத் தூக்கறப்ப ரெண்டு பேரும் சேர்ந்து கீழ விழுந்துட்டு, அப்பறம் சொன்னா?" கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். "அந்தப் பொண்ணு பொறந்ததுலேந்து இப்பத்தான் முதல் தடவையா ஒருத்தர்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கும்."

நான் கேட்டால்தானே. என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்று. இவள் என்னையும் அங்கேதான் தள்ளப் போகிறாள். மாடிப்படி இறங்க முடியாதவனை மாடியில் கொண்டுபோய் வைத்தால் அதற்குப் பெயர் வீடு இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் என்னை மட்டும் எப்படி மேலே ஏற்றுவாள்?

நான் வழி கண்டுபிடித்தேன். என்னோடு வேலை பார்த்த ஆட்களுக்குப் போன் போட்டேன். லிஃப்ட் மோட்டாரையே தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள். "அண்ணே, ஒரு நாற்காலியில உக்காருங்க, பூ மாதிரி தூக்கிட்டுப் போயிருவோம்" என்றார்கள். வெற்றியோடு என் மனைவியிடம் சொன்னேன்.

"தூக்கிட்டுப் போவாங்க. எறக்கறது யாரு?" என்றாள்.

"எதுக்கு எறங்கணும்?"

"மறுபடி டாக்டரப் பாக்க வரணும். பயிற்சிக்கு வரணும். திடீர்னு ஏதாவது ஒண்ணுன்னா ஆம்புலன்ஸ் வரும், அவங்க எறக்கணும். ஒவ்வொரு தடவையும் உங்க ஆளுங்க வேலைய விட்டுட்டு ஓடி வருவாங்களா?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். "ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பறே. கட்டின புருஷன மட்டும் கை கழுவப் பாக்கறே" என்றேன்.

அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சொன்ன மறுநிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் வந்து கட்டிலோரம் நின்றவள் சொன்னது இதுதான்.

"வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போறோம். உங்க ஆளுங்கள வரச் சொல்லுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைமை நர்ஸ் வந்து கை குலுக்கினாள். மகள் போனில் அழுதாள். என் மனைவி சூறாவளியாக வேலை செய்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டாள். கூடத்தில் கட்டில் போட்டாயிற்று என்றாள். குளியலறைக் கதவைக் கழற்றித் திரை கட்டியாயிற்று என்றாள். சுவரில் கைப்பிடி, கழிவறை நாற்காலி, எல்லாம் வந்துவிட்டது. பயிற்சிக்கு ஆள் வீட்டுக்கே வருவார். "மத்ததுக்கு நான் இருக்கேன்" என்றாள்.

இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. இனி நிம்மதியாகப் படுத்திருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. கால் முன்னைவிட வேகமாக ஆடியது. ஏதோ ஒரு போல்ட்டை முறுக்காமல் விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. வேலை முடித்துக் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு எனக்கு எப்போதாவது அப்படித் தோன்றும். திரும்பிப் போய்ப் பார்த்தால் உண்மையிலேயே ஒன்று விட்டுப்போயிருக்கும்.

புதன்கிழமை பயிற்சிப் பெண் என் மனைவியை அழைத்து, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு என்னை மாற்றிக் காட்டச் சொன்னாள். வீட்டுக்குக் கூட்டிப்போகிற ஒவ்வொருவரும் செய்துகாட்ட வேண்டும். என் மனைவியே வைத்த சட்டம். எத்தனையோ பேருக்கு அவள் சொல்லிக் கொடுத்த வித்தைதான். என் இடுப்புப் பட்டையைப் பிடித்தாள், முட்டியை மடக்கினாள், தூக்கித் திருப்பி உட்காரவைத்தாள். கச்சிதம். ஆனால் நிமிரும்போது அவள் வாயிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. கை தானாக இடுப்புக்குப் போனது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. பீரோவ நகத்தினதுல ஒரு சுளுக்கு."

"அந்த இரும்பு பீரோவையா? யாரு நகத்தினது?"

"நாங்கதான் எல்லாம் நகத்திட்டோம். சரி, காலத் தூக்கி வைங்க."

"நாங்கன்னா யாரு?" என்றேன்.

அவள் குனிந்து என் செருப்பின் பட்டையை மாட்டினாள். ஏற்கெனவே மாட்டியிருந்த பட்டை. பயிற்சிப் பெண் என்னைப் பார்த்தாள், அப்புறம் வேறெங்கோ பார்த்தாள்.

அன்று முழுக்க எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. விட்டுப்போன போல்ட் எது என்று தெரிந்துவிட்டது. பார்த்துக்கொள்ளப் போகிற அந்த ஒரு ஆளை யாரும் நாற்காலிக்குக் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போக வேண்டியவளே அவள்தான். அவளுக்கு மேலே அந்த ஆஸ்பத்திரியில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் கிடையாது. கேட்டால் வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். அதனால் கேட்காமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஒரு நாள்தான், வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வீடு வந்துவிடும்.

வியாழக்கிழமை மத்தியானம், கதவு வழியாகப் பார்த்தேன். நடைபாதைக் கடைசியில், அந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டு டப்பா திறந்தபடி இருந்தது. சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சக்கர நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். பிரேக்கை எடுத்துவிட்டேன். ஒற்றைக் கையால் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். இடது சக்கரத்தைத் தள்ளினால் வண்டி வலது பக்கம் திரும்பி நேராகச் சுவரில் போய் முட்டும். இடது காலைத் தரையில் ஊன்றித் திருப்ப வேண்டும். தள்ளு, முட்டு, திருப்பு, தள்ளு. ஒரு மருந்து வண்டியை இடித்தேன். ஒரு குப்பைத்தொட்டியை உருட்டிவிட்டேன். தள்ளிவிட வந்த நர்ஸை முறைத்தேன். எத்தனை கட்டடம் ஏறி இறங்கியிருக்கிறேன், அந்த நடைபாதை அளவுக்கு நீளமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

பாதி வழியிலேயே அவள் பார்த்துவிட்டாள். எழுந்து வர முயன்றாள்.

"உக்காரு" என்றேன். "நான் வர்றேன்."

வந்து சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது. இன்னொரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, அதன் இடத்தில் என் வண்டியை நிறுத்திப் பிரேக் போட்டேன்.

"எதுக்கு இந்த வீரதீரம்? கூப்பிட்டா நான் வரமாட்டேனா?" என்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இங்க வெச்சுத்தான் கேக்கணும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. டப்பாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திறந்து திரும்பவும் மூடினாள்.

"உன்னால முடியுமா?" என்றேன்.

"முடியும்."

டக்கென்று வந்தது. நான் பேசவில்லை. சும்மா இருப்பது என் பிறவியிலேயே கிடையாது, ஆனால் இருந்தேன். துணி அறைக்குள் யாரோ விரிப்புகளை அடுக்கிவிட்டு வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, வேகமாகப் போனார்கள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மடியில் கிடந்தது.

"முடியாதுன்னு சொல்றதுக்கு இங்க இடம் இருக்கு" என்றேன். "உன்னால முடியுமா?"

சொல்லாதே, முடியும் என்றே இன்னொரு தடவை சொல்லிவிடு என்று என் மனசுக்குள் ஒருவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவனை நான் மறைக்கப் போவதில்லை.

"முடியாதுங்க" என்றாள்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. "பீரோவ நான் ஒருத்திதான் நகத்தினேன். ரெண்டு நாளா குனிய முடியல. உங்களத் தூக்கறப்ப கை விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு. ரெண்டு பேரும் விழுந்து கெடந்தா யாரு வருவா, கீழ் வீட்டுல வேற எல்லாரும் வேலைக்குப் போயிடறாங்க. அந்த மூணு மாடிய நெனச்சா ராத்திரி தூக்கமே வரல. வேற யாராவது இப்படி ஒரு ஏற்பாட்ட எங்கிட்டக் கொண்டுவந்தா விட்டிருப்பேனா? அடிச்சு வெரட்டியிருப்பேன். நீங்க அப்படிச் சொல்லிட்டீங்க. கை கழுவறேன்னு. எனக்கு அதத் தாங்க முடியல."

"தப்புத்தான்" என்றேன். "கோபத்துல ஒளறினேன்."

"எல்லாருக்கும் நான் கேக்கறேன். எங்கிட்டக் கேக்க ஒரு ஆளு இல்லையேன்னுதான் இங்க வந்து உக்காந்திருந்தேன்."

இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்தேன். என் வீடு, என் ஜன்னல், என் கட்டில் எல்லாம் ஒரு தடவை கண் முன்னால் வந்துபோயின. வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"அந்தக் கண்டக்டர் போனாரே, அந்த இல்லத்துல அவர் பக்கத்துக் கட்டில் காலியா இருக்கான்னு கேளு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெஜமாவா சொல்றீங்க?"

"படி ஏறப் பழகற வரைக்கும். இல்லன்னா நீ கீழ்த்தளமா ஒரு வீடு பாக்கற வரைக்கும். எது முன்னாடி வருதோ அது."

"அந்த மனுஷன் உங்களத் தூங்கவே விடமாட்டாரு."

"என் கால் ஆடற ஆட்டத்துல அவருந்தான் தூங்கமாட்டாரு. சரியாப் போச்சு."

அழுதுகொண்டே சிரித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போன் பண்ணி இப்பவே கேக்கறேன். அங்க பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் தெறக்குதுன்னு பாக்கல. நாளைக்குப் போயிப் பாக்கணும்" என்றாள். எழுந்திருக்கப் போனவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, என் வண்டியின் கைப்பிடிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவ்வளவுதான். மூச்சு சீராக வர ஆரம்பித்தது. எத்தனை நாள் தூக்கமோ.

வார்டிலிருந்து நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள். "வாசலக்கா! ஆறாம் நம்பர் கட்டில்காரங்க வந்துட்டாங்க, நாங்க பாத்துக்கறோம்னு..." என்று ஆரம்பித்தவள் எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவள் காலடிச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனாள்.

அப்புறம் குனிந்து பார்த்தேன். என் மனைவியின் தலை சாய்ந்திருந்தது இடது பக்கக் கைப்பிடியில். அதற்குக் கீழேதான் என் இடது கால் இருந்தது, எப்போது வேண்டுமானாலும் ஆடத் தயாராக. ஆடினால் வண்டி குலுங்கும், அவள் எழுந்துவிடுவாள். பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றி, முட்டியை என் நல்ல கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவள் தானாக எழுந்திருக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.